ஒருநாள் சித்தப்பா

ஆபீசில் அவனுக்கு ‘சமாளி’ என்று பெயர். யார் எதைக் கேட்டாலும் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லமாட்டான். தலையை ஆட்டிவிட்டு வந்து, அப்புறம் எதையாவது சொல்லிச் சமாளிப்பான். இதை நல்ல மனசு என்று நம்பித்தான் அவன் மனைவி அவனைக் கட்டிக்கொண்டாள். அது நல்ல மனசு இல்லை, வெறும் முகதாட்சண்யம் என்று கண்டுபிடிக்க அவளுக்கு அதிக நாள் ஆகவில்லை. அதே வியாதி தனக்கும் உண்டு என்று தெரிந்துகொள்ளத்தான் ஒரு வீடு வாங்கப் போகவேண்டியிருந்தது.

அவள் ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். கீழே விழுந்தவர், ‘ஒண்ணுமில்லம்மா, லேசான வீக்கம்’ என்று சிரித்துக்கொண்டே வருவார். படத்தில் எலும்பு இரண்டாக நிற்கும். இதைத் தினமும் பார்க்கிறவளுக்கு வெளித்தோற்றத்தின் மேல் எப்படி நம்பிக்கை வரும்? கடையில் தேங்காய் வாங்கினாலும் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்துத்தான் வாங்குவாள்.

வீடு அவனுடைய பழைய மேனேஜருடையது. ஓய்வுபெற்றுவிட்டார். அவருக்கும் மனைவிக்கும் முழங்கால் மாடிப்படியோடு ஒத்துப்போகவில்லை. மகள் வீட்டுப் பக்கத்திலேயே கீழ்த்தளத்தில் சின்னதாக ஒரு இடம் பார்த்துவிட்டார்கள். “வெளியாளுக்குக் குடுக்க மனசு வரலப்பா. நீ எடுத்துக்கோ” என்று அவனைக் கூப்பிட்டுச் சொன்னவர் அவர்தான். அவனுக்கு வேலை சொல்லிக் கொடுத்தவரும் அவர். ஒருமுறை அவன் பெரிய தப்பு ஒன்றைச் செய்து வேலை போக இருந்தபோது, மேலிடத்தில் போய் நின்று, ‘பையன் நல்லவன், நான் பொறுப்பு’ என்று சொன்னவரும் அவர்.

“வாங்கறதுக்கு முன்னாடி ஒரு இன்ஜினியரைக் கூட்டிட்டுப் போய் வீட்டைப் பாத்துடலாம்” என்றாள் அவள்.

“யார் வீட்டை? சார் வீட்டையா?” அவனுக்குக் கையிலிருந்த காபி கசந்துவிட்டது. “உங்களை நம்பல சார், ஆளை வச்சுச் சோதனை போடறோம்னு அவர்கிட்ட போய் எப்படிச் சொல்றது?”

“டாக்டர் நல்லவர்ங்கறதுக்காக எக்ஸ்ரே எடுக்காம விடறாங்களா?”

“எக்ஸ்ரேவுல எலும்புதான் தெரியும். அவர் மனசு நோகறது தெரியாது.”

இப்படியே ஒரு வாரம் ஓடியது. கடைசியில் ஒரு வழி பிறந்தது. அந்த யோசனை அவளுடையது. மற்ற எதை வேண்டுமானாலும் அவன் தலையில் கட்டலாம், இதைக் கட்ட முடியாது. இன்ஜினியர் இன்ஜினியராகப் போகவேண்டாம். அவளுடைய சித்தப்பாவாகப் போகட்டும். வீடு வாங்கும்போது குடும்பத்துப் பெரியவர் ஒருவர் வந்து பார்ப்பதில் யாருக்கு என்ன வருத்தம்? ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்கிறார்கள். ஒரு வீட்டுக்கு ஒரு சித்தப்பா சொன்னால் குடிமுழுகியா போய்விடும்?

வாங்குகிறவர்களுக்காகப் பழைய வீடுகளைப் பார்த்துச் சொல்வதே அந்த இன்ஜினியரின் தொழில். நெட்டையான மனிதர், சிரிப்பு சுலபத்தில் வராது. விஷயத்தைக் கேட்டதும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

“நான் வீட்டைக் குத்தம் சொல்ல வரலம்மா. எங்க வலிக்குதுன்னு கேக்க வரேன். அதுக்கு வீட்டுக்காரர் கூட நிக்கணும். எந்த வருஷம் எங்க ஒழுகிச்சு, யார் வந்து அடைச்சாங்கன்னு அவருக்குத்தான் தெரியும். ஒளிச்சுப் பாக்கறது பாதி பாக்கறதுதான்.”

“பாதி போதும் சார்” என்றான் சமாளி.

“எனக்குப் பொய் சொல்ல வராது.”

“சொல்லவே வேணாம் சார். சும்மா இருந்தா போதும். நாங்க பாத்துக்கறோம்.”

அவன் கெஞ்சினால் கல்லும் கரையும். இன்ஜினியரும் கரைந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போனார்கள். மேனேஜரும் அவர் மனைவியும் வாசலிலேயே நின்றிருந்தார்கள். மேனேஜரம்மா வந்தவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அவள் பக்கம் திரும்பினாள். “மூக்கு அப்படியே சித்தப்பா மூக்குதான் உனக்கு” என்றாள். அவள் தன் மூக்கைத் தடவிக்கொண்டாள். முதல்நாள்தான் அறிமுகமான சித்தப்பாவும் தன் மூக்கைத் தடவிக்கொண்டார். அதைப் பார்த்து மேனேஜரம்மா, “பாரேன், பழக்கம்கூட ஒண்ணு” என்றாள்.

அதன்பிறகு நடந்ததை வேறு யார் வீட்டிலாவது நடந்திருந்தால் அவள் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். சுவரில் ஈரம் பார்க்கிற கருவி டிவி ரிமோட் மாதிரி இருக்கும். சித்தப்பா அதைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துச் சுவரில் வைத்தார். மேனேஜர் அதைப் பார்த்துவிட்டார். “வீட்டு ரிமோட்டைக் கையோட எடுத்துட்டு வந்துட்டீங்களா?” என்று சிரித்து, “நானும் ஒருநாள் கண்ணாடிக் கூட்டுக்குப் பதிலா ரிமோட்டை எடுத்துட்டு பேங்க் வரைக்கும் போயிருக்கேன்” என்று ஆறுதல் சொன்னார். மாடிக் குளியலறைக்குள் போன சித்தப்பா எல்லாக் குழாயையும் திறந்து, ஃப்ளஷ் தொட்டியை இரண்டு மூன்று தடவை கொட்டவிட்டு, தண்ணீர் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டு வெகுநேரம் உள்ளேயே இருந்தார். வெளியே வந்தபோது மேனேஜரம்மா உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரோடு நின்றிருந்தாள். “வெளியூர்த் தண்ணி ஒத்துக்காதுங்க. வெக்கப்படாம குடிங்க” என்றாள். அவர் குடித்தார். பொய் சொல்ல வராதவருக்கு வேறு என்ன வழி?

கடைசியாகக் கீழ்த்தளத்துப் பின்னறை. மாடிக் குளியலறைக்கு நேர் கீழே. அங்கேதான் மேனேஜரம்மாவின் தையல் மெஷின் இருந்தது. அக்கம்பக்கத்துக்குத் தைத்துக் கொடுப்பாள். காலையில் உட்கார்ந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பாள். கூரையைச் சித்தப்பா அண்ணாந்து பார்த்தார். வெள்ளை வெளேரென்று இருந்தது.

“வருஷா வருஷம் நானே பெயின்ட் அடிச்சுடுவேன். லேசா ஒரு கறை வந்துக்கிட்டே இருக்கும், விடமாட்டேன்” என்றார் மேனேஜர் பெருமையாக.

சித்தப்பா கையோடு கொண்டுவந்திருந்த குடையைத் திருப்பிப் பிடித்து, அதன் கைப்பிடியால் கூரையைத் தட்டினார். ஓரத்தில் கெட்டியான சத்தம் வந்தது. நடுவுக்கு வர வர, காலி டப்பாவைத் தட்டுகிற சத்தம். மெஷினுக்கு நேர் மேலே ரொம்ப மோசம். அவர் முகம் மாறியதை அவள் பார்த்தாள். சந்தேகமான படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும்போது டாக்டர் முகம் அப்படித்தான் மாறும்.

“என்னங்க தட்டறீங்க?”

“ஒட்டடை” என்றார் சித்தப்பா. அன்றைக்கு அவர் சொன்ன முதல் பொய்.

மேனேஜரம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. “ஐயோ, நேத்துதானே அடிச்சேன். பாக்க வரவங்க எதிர்ல மானம் போச்சு” என்று துடைப்பம் எடுக்க ஓடினாள். இல்லாத ஒட்டடைக்கு அவள் வெட்கப்பட்டாள். அப்போதே இவளுக்கு என்னவோ போலாகிவிட்டது.

துடைப்பத்தோடு வந்தவளைச் சித்தப்பா நிறுத்தினார். “இங்க உக்காந்து தைக்காதீங்கம்மா.”

“ஏங்க?”

அவர் சமாளியைப் பார்த்தார். சமாளி இருமினான். அவளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

“வெளிச்சம் பத்தாது” என்றார் அவர் மெதுவாக. “கண்ணு போயிடும். மெஷினை இன்னிக்கே முன்னறை ஜன்னல்கிட்ட போட்டுடுங்க.”

“இத்தனை வருஷம் போகாத கண்ணா இனிமே போகப்போகுது?” என்று மேனேஜரம்மா சிரித்தாள்.

காரில் ஏறிக் கதவைச் சாத்தினதும் இன்ஜினியர் வெடித்தார். “என் தொழில்ல சொல்லவேண்டியதை வாய்ல வச்சுக்கிட்டு வெளிய வந்தது இதுதான் முதல் தடவை. உங்களால வந்தது.” அப்புறம் தானே கொஞ்சம் அடங்கி விளக்கினார். குளியலறைத் தண்ணீர் பல வருஷமாகத் தளத்துக்குள் இறங்கியிருக்கிறது. உள்ளேயிருக்கும் இரும்புக் கம்பி துருப்பிடித்து உப்பி, கான்கிரீட்டைக் கீழே தள்ளிக்கொண்டிருக்கிறது. பெயின்ட்தான் அதை இத்தனை நாள் மறைத்தது. “மத்தபடி தங்கமான வீடு. அந்த ஒரு தளத்தை உடைச்சுச் சரிபண்ணிட்டா தாராளமா வாங்கலாம். ஆனா அதுவரைக்கும் அதுக்குக் கீழ ஆள் இருக்கக்கூடாது. எப்ப விழும்னு என்னைக் கேக்காதீங்க. விழும். இன்னிக்கே சொல்லிடணும். நீங்க சொல்றீங்களா, நான் திரும்பிப் போய்ச் சொல்லட்டுமா?”

“நாங்களே சொல்லிடறோம் சார்” என்று இரண்டு பேரும் சேர்ந்தாற்போலச் சொன்னார்கள்.

சொல்லிவிடலாம். ஆனால் எப்படித் தெரியும் என்று கேட்பார்களே? ஒட்டடை அடித்த சித்தப்பாவுக்குக் கம்பியின் துரு எப்படித் தெரிந்தது? அதைச் சொன்னால் இதைச் சொல்லவேண்டும், இதைச் சொன்னால் மூக்கு, ரிமோட், உப்புச் சர்க்கரைத் தண்ணீர் எல்லாவற்றையும் சொல்லவேண்டும். திருடனுக்குத் தேள் கொட்டின கதை. அன்று மாலை சமாளி போனைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக இருந்தான்.

“லோன் கிடைக்கலன்னு சொல்லி ஒதுங்கிடலாமா?” என்றான்.

“ஒதுங்கினா அந்தக் கூரை ஒதுங்கிடுமா?”

“வேற யாராவது வாங்க வருவாங்க, அவங்க பாத்துச் சொல்லுவாங்க.”

அவள் அவனைப் பார்த்த பார்வையில் அவன் போனைக் கீழே வைத்துவிட்டான். ஆனால் அவளும் போனை எடுக்கவில்லை. நாளைக்கு என்று நினைத்தாள். இத்தனை வருஷம் நின்ற கூரை ஒருநாள் நிற்காதா என்று நினைத்தாள். நினைத்தாள் என்று சொல்வதுகூடத் தப்பு. நினைக்காமல் இருக்கத்தான் பாடுபட்டாள்.

திங்கட்கிழமை காலையில் இன்ஜினியரே கூப்பிட்டார். “சொல்லிட்டீங்களா?”

“சொல்லிட்டோம் சார். மெஷினை மாத்திட்டாங்க” என்றான் சமாளி. சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே வழக்கமான குரலில் சொன்னான். அவள் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். போனைப் பிடுங்கியிருக்கலாம். பிடுங்கவில்லை. இன்ஜினியர் அந்தப் பக்கத்தில் ‘அப்பாடா’ என்றது அவளுக்குக் கேட்டது. அவமானம் என்ன என்றால், அவளுக்கும் ஒரு கணம் ‘அப்பாடா’ என்றுதான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம், எக்ஸ்ரே அறையில் ஆள் இல்லாத நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு மேனேஜரம்மாவுக்குப் போன் போட்டாள். இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று முடிவு.

“அடடே, நீயா. சொல்லும்மா” என்றது குரல். குரலுக்குப் பின்னால் கடகடவென்று மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பின்னறையில் வைத்த மெஷின்தான். அந்த அறையில் பேச்சு எதிரொலிக்கும், அவள் ஞாயிற்றுக்கிழமையே கவனித்திருந்தாள்.

“அம்மா, அந்த மெஷினை…”

“இரு, நிறுத்திட்டுப் பேசறேன்.” சத்தம் நின்றது. “என்ன கேட்டே?”

அந்தக் குரலில் அத்தனை பிரியம். “ஒண்ணுமில்லம்மா. ஜன்னலுக்குத் திரை போடணும்னா அளவு என்னன்னு…”

“இதுக்குத்தானா. நானே எடுத்துச் சொல்றேன். சாப்பிட்டியா நீ?”

போனை வைக்கும் முன்பே மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்துவிட்டது. வெளியே ஒரு முதியவர் நெஞ்சுப் படத்துக்குக் காத்திருந்தார். அவரை நிற்கவைத்து, “மூச்சை இழுத்துப் பிடிங்க” என்றாள். படம் எடுத்து முடித்தும், விடுங்கள் என்று சொல்ல மறந்து நின்றாள். பாவம், அவர்தான் தானாக விட்டார்.

புதன், வியாழன், வெள்ளி அப்படியே போயின. போன் அடித்தால் யார் எடுப்பது என்று இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஆனாலும் யாரும் எதுவும் செய்யவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் அழைப்புமணி அடித்தது. திறந்தால், மேனேஜரும் மேனேஜரம்மாவும். அவர் முகம் கறுத்துப்போயிருந்தது. அந்த அம்மாள் கையில் ஒரு துணிப்பை. சமாளியின் வாடகை வீடு மூன்றாவது மாடியில். அந்த முழங்கால்களோடு அத்தனை படி ஏறி வந்திருக்கிறார்கள்.

உட்காரச் சொன்னதற்கு மேனேஜர் உட்காரவில்லை. நின்றபடியே சமாளியைப் பார்த்துக் கைகூப்பிவிட்டார்.

“என்னை மன்னிச்சுடுப்பா. உன் முகத்துல முழிக்கவே எனக்கு வெக்கமா இருக்கு.”

“சார், என்ன சார் இது…”

“பின்னறைக் கூரை விழுந்துடுச்சு. நேத்துக் காலையில. பாளம் பாளமா. கம்பியெல்லாம் எலும்பா நிக்குது. அப்பேர்ப்பட்ட வீட்டை நல்ல வீடுன்னு சொல்லி உன் தலையில கட்டப் பாத்தேனே. பெயின்ட் அடிச்சு அடிச்சு மூடிட்டேனே. சத்தியமா தெரியாதுப்பா எனக்கு. நான் தெரிஞ்சே ஏமாத்தினேன்னு நீ நெனச்சுடாதே.”

சமாளி ஒரு நாற்காலியை இழுத்து அவர் பக்கம் போட்டான். அவளுக்குத் தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. மூன்றாவது மாடித் தரைக்கு அந்தக் கருணையும் இல்லை.

“அம்மாவுக்கு ஒண்ணும் ஆகலையே?” என்று எப்படியோ கேட்டாள்.

“எனக்கென்ன, சித்தப்பா புண்ணியத்துல நல்லா இருக்கேன்” என்றாள் மேனேஜரம்மா. “வியாழக்கிழமை சாயங்காலம் கண்ணுல தண்ணியா வந்துச்சு. அவர் சொன்னது ஞாபகம் வந்து, இவரைத் தள்ளச் சொல்லி மெஷினை ஜன்னல்கிட்ட போட்டேன். மறுநாள் காலையில அங்க உக்காந்திருக்கேன், உள்ள இடி விழுந்த மாதிரி சத்தம். என் ஸ்டூல் நொறுங்கிப் போச்சு.” துணிப்பையைத் திறந்து ஒரு சட்டையை எடுத்தாள். வெளிர்நீலம், தேய்த்து மடித்தது. “பாக்க வந்த பெரியவரை வெறும் தண்ணி குடுத்து அனுப்பிட்டேனேன்னு அன்னிக்கே மனசு கேக்கல. கண்ணளவு எடுத்துத் தைச்சேன். செவ்வாய்க்கிழமை நீ போன் பண்ணப்ப இதுக்குத்தான் காலர் வச்சுக்கிட்டிருந்தேன். அவர் எங்க இருக்கார்னு சொல்லு, நேர்லயே குடுத்துக் கும்பிட்டுட்டு வரோம்.”

வாங்கிவைத்துக்கொண்டு, கொடுத்துவிடுகிறேன் என்று சொன்னால் முடிந்தது. சமாளியின் கண் அதைத்தான் சொல்லிற்று. கை நீட்டப் போனவளுக்கு அந்தக் காலர் தெரிந்தது. இழை இழையாக நேராக ஓடியிருந்த தையல். நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள்.

“அவர் என் சித்தப்பா இல்லம்மா.”

சொல்லத் தொடங்கியதும் நிற்கவில்லை. வந்தவர் யார், ரிமோட் என்ன, குடையால் தட்டியது எதற்கு, எல்லாவற்றையும் சொன்னாள். யோசனை தன்னுடையது என்பதையும் சொன்னாள். சொல்லும்போது யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. சுவரில் ஒரு ஆணியைப் பார்த்துச் சொன்னாள்.

மேனேஜர் சமாளி பக்கம் திரும்பினார். குரலில் கோபம் இல்லை. “என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நானே அவருக்கு ஏணி புடிச்சிருப்பேனேப்பா” என்றார்.

மேனேஜரம்மா இன்னும் வேறு எதையோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். “அப்போ ஞாயித்துக்கிழமையே தெரியும்” என்றாள்.

“தெரியும்.”

“செவ்வாய்க்கிழமை போன் பண்ணப்போ?”

“தெரியும்மா. அதைச் சொல்லத்தான் பண்ணேன்.”

“மெஷின் ஓடறது கேட்டுச்சா?”

“கேட்டுச்சு.”

மேனேஜரம்மா கத்தியிருக்கலாம். திட்டியிருக்கலாம். ஒரு அறை அறைந்திருந்தால்கூட இவள் நிம்மதியாக வாங்கிக்கொண்டிருப்பாள். அந்த அம்மாள் சட்டையை மறுபடி மடிப்புக் கலையாமல் மடித்துத் துணிப்பைக்குள் வைத்தாள்.

“நான் அவர்கிட்ட குடுத்துடறேம்மா” என்றாள் இவள்.

“வேணாம். நாங்களே குடுத்துக்கறோம். அவர் நம்பரைச் சொல்லு.”

சமாளி போனைப் பார்த்து எண்ணைப் படித்தான். மேனேஜர் அதைத் தன் போனில் போட்டுக்கொண்டார். போட்டுக்கொண்டு கிளம்புவார் என்று நினைத்தார்கள். இருபது வருஷமாக அவன் சொன்ன எதையும் சரிபார்க்காத மனிதர். அவன் நீட்டிய தாள்களைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டவர். அன்றைக்கு அவர் கிளம்பவில்லை.

“சரியான நம்பர்தானான்னு பாத்துடறேன்” என்றார்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. எல்லாவற்றையும் சொன்னாள், திங்கட்கிழமையைச் சொல்லவில்லை. சொல்லிவிட்டோம், மெஷினை மாற்றிவிட்டார்கள் என்று இன்ஜினியரிடம் சொன்னதை விட்டுவிட்டாள். வேண்டுமென்று விட்டாளா, மறந்துவிட்டாளா என்று அவளுக்கே தெரியவில்லை. சமாளியின் முகத்தைப் பார்த்தாள். அவனுக்கும் அது ஞாபகம் வந்துவிட்டது. “சார், அவர் இப்ப வேலையா இருப்பார்…” என்று தொடங்கியவன், மேனேஜர் நிமிர்ந்து பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

மேனேஜருக்குக் காது கொஞ்சம் மந்தம், எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். மணி அடிக்கும் சத்தம் அறை முழுவதும் கேட்டது.

“போகுது” என்றார் தன் மனைவியிடம்.

நான்கு பேரும் நின்றபடியே காத்திருந்தார்கள். மறுமுனையில் எடுத்தார்கள்.